கனடா குளிருக்குத் தப்பிச்சு நாலஞ்சு மாசம் ஊர்ல இருக்கப் போறீங்களா? நாள் கணக்கு, இன்சூரன்ஸ், டிக்கெட், பூட்டின வீடு எல்லாத்துக்கும் முழு வழிகாட்டி

நவம்பர்ல கிளம்பி மார்ச் கடைசில திரும்புற மாதிரி ஊருக்குப் போறவங்க இப்ப டொராண்டோ பக்கம் நிறைய பேர் ஆயிட்டாங்க. பெரும்பாலும் ரிட்டயர் ஆன அப்பா அம்மாக்கள்தான், குளிரும் தாங்கல, ஐஸ்ல வழுக்கி விழுந்துடுவோமோன்னு வாசல்ல கால் வைக்கவே பயம், அங்க போனா மார்கழி கச்சேரி, பொங்கல், தை மாசக் கல்யாணங்கள்னு நாள் போறதே தெரியாது. நல்ல விஷயம், போகணும், கண்டிப்பா போயிட்டு வாங்க. ஆனா எல்லாரும் முதல்ல பாக்குறது டிக்கெட் விலையத்தான், என்னைக் கேட்டா டிக்கெட் ரொம்ப பின்னாடி வர்ற வேலை, முதல்ல எடுத்துப் பாக்க வேண்டியது உங்க மாத்திரை டப்பாவ. நவம்பர் பயணத்துக்கு மே மாசமே வேலை ஆரம்பிச்சாச்சுன்னு வச்சுக்கோங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

இது ஒன்டாரியோல இருந்து தமிழ்நாட்டுக்குப் போற அறுபது வயசு தாண்டினவங்கள மனசுல வச்சு எழுதினது. வேற மாகாணத்துல இருந்தா ஹெல்த் கார்டு நாள் கணக்கு மாறும், யாழ்ப்பாணம் கொழும்புன்னு போறவங்களுக்கு விசா, டாக்ஸ் விஷயம் வேற, இன்சூரன்ஸ் பகுதி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

முதல் வேலை: காலண்டர எடுத்து நாள் எண்ணுங்க

ஓஹிப், அதாவது ஒன்டாரியோ அரசோட ஹெல்த் இன்சூரன்ஸ், கவரேஜ் தொடரணும்னா எந்த 12 மாசத்த எடுத்துப் பாத்தாலும் அதுல 153 நாள் நீங்க ஒன்டாரியோக்குள்ள இருந்திருக்கணும். அப்படின்னா வெளிய இருக்கக்கூடியது 212 நாள். நவம்பர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் எண்ணினா 151 நாள் வரும், மிச்சம் 61 நாள் கையில இருக்கு, தாராளமா இருக்கே போதும்னு தோணும், ஆனா ஜூலைல நியூஜெர்சில மக வீட்ல ஒரு மாசம் இருந்துட்டு வந்தீங்கன்னா அதுவும் இதே கணக்குலதான் கழியும். ஜனவரி டு டிசம்பர்னு எண்ணாதீங்க, எந்த மாசத்துல இருந்து ஆரம்பிச்சு எண்ணினாலும் சரியா வரணும். அதுக்கு மேல இருக்கணும்னா முன்கூட்டியே சர்வீஸ் ஒன்டாரியோங்கற மாகாண அரசு ஆபீஸ்ல சொல்லி நீண்ட விடுமுறைக்குன்னு ரெண்டு வருஷம் வரைக்கும் கேக்கலாம், ஆனா அது வாழ்க்கைல ஒரு தடவைதான், சும்மா ஒரு மாசம் கூடுதலா இருக்கறதுக்காக அத செலவழிக்காதீங்க.

அடுத்து பென்ஷன். சிபிபி, அதாவது வேலை பாத்து கட்டின பணத்துக்கு வர்ற பென்ஷன், எங்க இருந்தாலும் வரும், பிரச்சனையே இல்ல. வயசானவங்களுக்கு அரசு தர்ற ஓஏஎஸ்ல 18 வயசுக்கு அப்புறம் கனடால 20 வருஷம் வாழ்ந்திருந்தா வெளிநாட்ல எவ்வளவு நாள் இருந்தாலும் வரும், பிள்ளைங்க ஸ்பான்சர் பண்ணி அறுபது வயசு பக்கம் வந்தவங்களுக்கு அந்த 20 வருஷம் இருக்காது, அவங்களுக்கு கிளம்பின மாசத்துக்கு அப்புறம் ஆறு மாசம் வரைக்கும்தான் வரும், அப்புறம் நிறுத்திடுவாங்க. வருமானம் குறைஞ்சவங்களுக்கு ஓஏஎஸ்ஸோட சேத்து தர்ற ஜிஐஎஸ் வாங்குறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அது எத்தனை வருஷம் இங்க இருந்திருந்தாலும் ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா நின்னுடும். ஓஹிப்புக்கு ஏழு மாசம் வரை ஓகேன்னு கேள்விப்பட்டு அதையே பென்ஷனுக்கும் பொருத்திப் பாத்துடுறாங்க, ரெண்டும் வேற வேற ஆபீஸ், வேற வேற சட்டம்.

சிட்டிசன் ஆகாம பிஆர்ல (நிரந்தர வசிப்புரிமை) இருக்கறவங்க அஞ்சு வருஷத்துல 730 நாள் கனடால இருக்கணும், அது உங்களுக்கே தெரியும். நிறைய பேர் கோட்ட விடுறது கார்டு முடியற தேதிய. பிப்ரவரில கார்டு எக்ஸ்பைர் ஆகுதுன்னா மார்ச்ல உங்கள ஃப்ளைட்லயே ஏத்த மாட்டாங்க, அங்க உக்காந்துகிட்டு டிராவல் டாக்குமென்ட்டுக்கு அப்ளை பண்ணிட்டு காத்திருக்கணும். கோடை காலத்துலயே ரினியூவல் போட்டுடுங்க.

இந்தியா பக்க வருமான வரிக் கணக்கு ஒண்ணு இருக்கு, இத யாரும் சொல்றதே இல்ல. இந்திய நிதியாண்டு ஏப்ரல்ல இருந்து மார்ச் வரை, உங்க குளிர்கால தங்கல் முழுசா ஒரே நிதியாண்டுக்குள்ள விழுந்துடுது. வாடகை, டெபாசிட் வட்டின்னு இந்தியால வர்ற வருமானம் 15 லட்சத்துக்குள்ள இருந்தா 182 நாள் தொடாத வரைக்கும் கவலை இல்ல. 15 லட்சத்துக்கு மேல இருந்தா அந்த 182 வந்து 120 ஆயிடும், அதோட முந்தின நாலு வருஷத்துல மொத்தமா 365 நாள் அங்க இருந்திருந்தீங்கன்னா உங்கள ஒரு வகை ரெசிடென்ட்டா கணக்குல எடுத்துப்பாங்க. 151 நாள் இருந்தா 120 தாண்டிடுதே. ஊர்ல காம்ப்ளக்ஸ் கட்டி வாடகைக்கு விட்டிருக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஆடிட்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மே மாசம்: ஃபேமிலி டாக்டர்

இதுதான் இந்த மொத்த வழிகாட்டிலயே முக்கியமான இடம், மெதுவா படிங்க.

கனடால டிராவல் மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் எது எடுத்தாலும், ஏற்கனவே இருக்கற வியாதிக்கு, அதாவது பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், இதயம், தைராய்டு எதுவா இருந்தாலும், கவர் கிடைக்கணும்னா கிளம்பற தேதிக்கு முன்னாடி குறிப்பிட்ட நாள் அது ஸ்டேபிளா இருந்திருக்கணும்னு போட்டிருப்பாங்க. சில பாலிசில 90 நாள், சிலதுல 180, சிலதுல ஒரு வருஷம் கூட உண்டு. பல பாலிசில வயசு கூடக்கூட இந்த நாளும் கூடும். டாக்டர் உங்ககிட்ட நல்லா இருக்கீங்க, சந்தோஷமா போயிட்டு வாங்கன்னு சொன்னது இதுக்கு போதாது. அந்த நாட்களுக்குள்ள புது அறிகுறி இருக்கக்கூடாது, புது மாத்திரை இருக்கக்கூடாது, டோஸ் மாறியிருக்கக்கூடாது, மாத்திரை நிறுத்தியிருக்கக்கூடாது, ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ரெஃபர் பண்ணியிருக்கக்கூடாது, எடுக்க வேண்டிய டெஸ்ட்டோ வர வேண்டிய ரிசல்ட்டோ பாக்கி இருக்கக்கூடாது. இதுல ஒண்ணு மாறினாலும் அந்த வியாதி ஸ்டேபிள் இல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஒருத்தர் நவம்பர் 5 கிளம்பறார், பாலிசில 180 நாள். பின்னாடி எண்ணினா மே 9 வருது. செப்டம்பர்ல வழக்கமான செக்கப்புக்குப் போறார், பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, டாக்டர் ஆம்லோடிபின் 5 மில்லிகிராம 10 ஆக்கிட்டார். நல்லதுக்குத்தான் மாத்தினார், அவருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஜனவரில தஞ்சாவூர்ல இருக்கும்போது பக்கவாதம்னு அட்மிட் ஆனார்னா, பிரஷர் சம்பந்தப்பட்டது, அது ஸ்டேபிளா இல்லன்னு சொல்லி க்ளெய்ம தள்ளிவிட வழி இருக்கு. டோஸ கூட்டினாதான்னு இல்ல, 5 மில்லிகிராம 2.5 ஆ குறைச்சாலும் அது மாற்றம்தான், இத கேட்டு நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும், உடம்பு தேறினதுக்கு தண்டனையான்னு, ஆனா பல பாலிசில அப்படித்தான் எழுதியிருக்கு. பிராண்ட் மாத்திரைல இருந்து அதே டோஸ் ஜெனரிக்குக்கு மாறினா பெரும்பாலும் பரவாயில்லன்னு விட்டுடுவாங்க, இன்சுலின், வார்ஃபரின் மாதிரி அடிக்கடி ஏத்தி இறக்கறதுக்கும் சில பாலிசில விலக்கு இருக்கும், அது உங்க பாலிசி புக்ல எழுத்துல இருக்கணும், ஏஜென்ட் வாயால சொன்னது செல்லாது.

அதனாலதான் மே மாசம்னு சொல்றேன். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்துக்குள்ள டாக்டர் கிட்ட போய், நவம்பர் இத்தனாந்தேதி கிளம்பறேன், நாலஞ்சு மாசம் இருக்க மாட்டேன், எடுக்க வேண்டிய டெஸ்ட் எல்லாம் இப்பவே எடுத்துடுங்க, மாத்த வேண்டிய மாத்திரைய இப்பவே மாத்துங்கன்னு தெளிவா சொல்லுங்க. எக்கோ, ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்னு போட்டா இங்க மாசக்கணக்குல ஆகும், அது பாக்கி இருக்கும்போது கிளம்பினா அந்தப் பிரச்சனைக்கு கவர் சந்தேகம்தான்.

அதே சமயம் ஒண்ணு சொல்லியே ஆகணும், இன்சூரன்ஸுக்காக தேவையான மருந்த வேண்டாம்னு சொல்லாதீங்க, நெஞ்சு வலிய டாக்டர் கிட்ட மறைக்காதீங்க. செப்டம்பர்ல டோஸ் மாத்தித்தான் ஆகணும்னா மாத்துங்க. மாத்தின உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ணி சொல்லுங்க, 90 நாளோ இன்னும் குறைவோ கேக்கற பாலிசி இருக்கான்னு பாருங்க, மெடிக்கல் விவரம் முழுசா கேட்டு ஆளுக்கு ஏத்த மாதிரி ரேட் போடுற பிளானும் இருக்கு, விலை கூட வரும். ஒண்ணும் சரி வரலன்னா பயணத்த டிசம்பர் கடைசிக்கு தள்ளிப் போடறதுகூட ஒரு வழிதான்.

கேள்வித்தாள பிள்ளைங்க தனியா நிரப்பாதீங்க

பாலிசி வாங்கும்போது மெடிக்கல் கேள்வித்தாள் வரும். எப்படி நடக்குதுன்னா, ராத்திரி பத்து மணிக்கு பிராம்ப்டன்ல இருந்து மகன் லேப்டாப் முன்னாடி உக்காந்துகிட்டு போன்ல கேப்பான், "அப்பா, உங்களுக்கு ஹார்ட் பிரச்சனை ஒண்ணும் இல்லல்ல?" அப்பாவும் "ஒண்ணும் இல்லப்பா, நல்லாதான் இருக்கேன், தினம் வாக்கிங் போறேனே" அப்படிம்பார். பல வருஷம் முன்னாடி வச்ச ஸ்டென்ட் அவர பொறுத்தவரைக்கும் முடிஞ்சு போன கதை. டாக்டர் ஃபைல்ல அது இன்னும் இதயக்குழாய் அடைப்புன்னுதான் இருக்கு. ஒரு பெரிய க்ளெய்ம் போனா கம்பெனி முதல்ல கேக்கறது அந்த ஃபைலத்தான், அதுலயும் உங்க பதில்லயும் வித்தியாசம் இருந்தா, நீங்க அட்மிட் ஆனது கால் எலும்பு முறிஞ்சுன்னாலும்கூட மொத்த பாலிசியையே செல்லாதுன்னு சொல்ல முடியும்.

அதனால பார்மசில போய் கடைசி 12 மாசத்துக்கான மருந்து லிஸ்ட்ட பிரிண்ட் பண்ணித் தரச் சொல்லுங்க, கேட்டா தருவாங்க. டாக்டர் ஆபீஸ்ல உங்க வியாதி லிஸ்ட்ட கேளுங்க, இதுக்கு கொஞ்சம் காசு கேக்கலாம், குடுத்துடுங்க. ரெண்டையும் மேஜைல வச்சுகிட்டு அப்பாவும் மகனும் சேந்து உக்காந்து ஒவ்வொரு கேள்வியா நிரப்புங்க. 'எப்பவாவது'ன்னு கேக்கறதுக்கும் 'கடைசி ரெண்டு வருஷத்துல'ன்னு கேக்கறதுக்கும் பதில் மாறும். நைட்ரோ கிளிசரின் ஸ்ப்ரே வாரத்துக்கு எத்தனை தடவை, வீட்ல ஆக்சிஜன் உண்டா, பிரெட்னிசோன் சாப்பிட்டீங்களா, ஃபியூரோசெமைடு உண்டான்னு பேர் சொல்லியே கேப்பாங்க, கால் வீக்கத்துக்கு குடுத்த நீர் மாத்திரைதானேன்னு விட்டுடாதீங்க. சந்தேகமா இருந்தா அந்தக் கேள்விய டாக்டர் கிட்டயே காட்டி பதில் எழுதி வாங்குங்க. வாங்கினதுக்கு அப்புறம் கிளம்பறதுக்குள்ள உடம்புல எது மாறினாலும் கம்பெனிக்கு சொல்லணும், அதுவும் பாலிசிலயே இருக்கும்.

எந்த மாதிரி பாலிசி

ஓஹிப் இருக்கேன்னு நம்பிப் போகாதீங்க. வெளிநாட்ல அவசரமா அட்மிட் ஆனா அது தர்றது ஐசியு, ஆபரேஷன் அளவுக்கு இருந்தா ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 டாலர், மத்தபடி அட்மிஷனுக்கு 200, அட்மிட் ஆகாம பாத்துட்டு வந்தா 50. ஆம்புலன்ஸ், மருந்து, திருப்பிக் கூட்டிட்டு வர்ற செலவு எதுவும் அதுல வராது.

கிரெடிட் கார்டுல இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்லுவாங்க, பல கார்டுல 65 வயசு தாண்டினா சில நாளுக்குத்தான், நாலு மாசத்துக்கு அது உதவாது. வேலை பாத்த இடத்துல ரிட்டயரி பிளான் இருந்தா நல்ல விஷயம், ஆனா ஒரு பயணத்துக்கு எத்தனை நாள்னு பாருங்க, அறுபது நாள்னு இருந்தா அறுபத்தோராவது நாள்ல இருந்து ஒரு டாப் அப் வாங்கணும், அப்படி வாங்கும்போது முதல் பிளான் அத அனுமதிக்குதான்னும், டாப் அப்புக்கான ஸ்டேபிள் நாள் எந்தத் தேதில இருந்து எண்றாங்கன்னும் கேளுங்க. ரெண்டு கம்பெனி சேர்ற இடத்துல நடக்கற அட்மிஷன்தான் ரொம்ப இழுத்தடிக்கும், முடிஞ்சா முழு பயணத்துக்கும் ஒரே கம்பெனில ஒரே பாலிசியா எடுக்கறது என் அபிப்பிராயம்.

இந்தியால வைத்தியம் சீப்தானே, எதுக்கு இன்சூரன்ஸ்னு கேக்கறவங்க நிறைய. அமெரிக்காவோட ஒப்பிட்டா சீப்தான், ஒத்துக்கறேன், காய்ச்சல் வயித்துப்போக்குக்கு கைக்காசுலயே பாத்துக்கலாம். ஆனா சென்னை மதுரைல கார்ப்பரேட் ஆஸ்பத்திரில பைபாஸ், ஸ்ட்ரோக், வென்டிலேட்டரோட ஐசியுன்னு போச்சுன்னா பல லட்சம், அதுக்கப்புறம் நர்ஸ் துணையோட படுக்க வச்சு டொராண்டோ கூட்டிட்டு வரணும்னா அது தனி. அதனால சின்ன செலவ நீங்க ஏத்துக்கற மாதிரி டிடக்டிபிள கூட்டி வச்சுக்கோங்க, ப்ரீமியம் நல்லாவே குறையும், இந்தியா போறவங்களுக்கு இது பொருத்தமான வழி. சில கம்பெனில அமெரிக்கா தவிர்த்த உலகம்னு தனி ரேட் உண்டு, அதுவும் குறைவு, வழில அமெரிக்க ஏர்போர்ட்ல மாறுறீங்கன்னா அத அனுமதிக்குதான்னு கேட்டுக்கோங்க.

வருஷா வருஷம் போறவங்க இந்தியாலயே ஒரு ஹெல்த் பாலிசி எடுக்கறதும் யோசிக்கலாம், ஓசிஐ (வெளிநாட்டு சிட்டிசனான இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா தர்ற கார்டு) வச்சிருக்கறவங்களுக்கும் தர்ற கம்பெனிகள் இருக்கு. ஏற்கனவே இருக்கற வியாதிக்கு காத்திருப்பு காலம் மூணு வருஷம் வரைக்கும் போடலாம், அதனால இந்த வருஷப் பயணத்துக்கு இது விடை இல்ல, அறுபத்தஞ்சுல ஆரம்பிச்சு வச்சா எழுபதுல கைகொடுக்கும்.

சென்னைல மாஸ்டர் செக்கப், கண்புரை ஆபரேஷன்

நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றது இது, அதனால தனியா சொல்றேன். டிராவல் இன்சூரன்ஸ் அவசரத்துக்கு மட்டும்தான். கண்புரை, முழங்கால், பல் இம்பிளான்ட்னு திட்டமிட்டு பண்ணிக்கறது எதுவும் கவர் ஆகாது, அதனால வர்ற சிக்கலும் ஆகாது. கண் ஆபரேஷன் பண்ணி இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சுன்னா அந்த அட்மிஷனும் உங்க காசுதான். மாஸ்டர் செக்கப்பும் அப்படித்தான், அங்க போய் இறங்கின வாரமே மொத்த டெஸ்ட்டும் எடுத்து, ஏதோ ஒண்ணு சந்தேகமா இருக்குன்னு புது மாத்திரை ஆரம்பிச்சு, அப்புறம் பயணத்த ஒரு மாசம் நீட்டிக்கலாம்னு கம்பெனிய கேட்டா, உடல்நிலை மாறியிருக்குன்னு மறுக்கலாம். செக்கப் பண்ணியே ஆகணும்னா பண்ணுங்க, பயணத்தோட கடைசிப் பகுதில, திரும்பற தேதி உறுதியானப்புறம் வச்சுக்கோங்க.

இன்னொரு விலக்கு அரசாங்க எச்சரிக்கை. கனடா அரசு நாலு நிலைல சொல்லும், அத்தியாவசியம் இல்லாத பயணத்த தவிர்க்கவும், எல்லாப் பயணத்தையும் தவிர்க்கவும்னு இருக்கற இடத்துக்கு தெரிஞ்சே போனா அது சம்பந்தமா கவர் இருக்காது. தமிழ்நாட்டுக்கு அப்படி இல்ல, ஆனா இருக்கறது நாலு மாசம், நடுவுல காஷ்மீர் டூர் போலாம்னு மச்சான் கூப்பிடுவார், அப்ப கனடா அரசு வெப்சைட்ல அந்த இடத்துக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க. ஸ்கூட்டி ஓட்டறவங்க, அங்க செல்லற லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா கேள்வி வரும், உங்க கனடா லைசென்ஸ் ரெண்டு சக்கர வண்டிக்கும் செல்லும்னா சிஏஏங்கற கார் ஓட்டறவங்க சங்கத்துல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிக்கலாம், அது ஒரு வருஷம் செல்லும்.

டிக்கெட்

டொராண்டோல இருந்து சென்னைக்கு நேரா ஃப்ளைட் இல்ல, லண்டன், ஃப்ராங்ஃபர்ட், துபாய், தோஹா, டெல்லின்னு எங்கயாவது மாறணும். வயசானவங்களுக்கு விலைய விட முக்கியம் ஒரே டிக்கெட்ல ஒரே பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்) இருக்கறது. டெல்லி வரைக்கும் ஒண்ணு, அங்கிருந்து தனியா உள்நாட்டு டிக்கெட்னு போட்டா, முதல் ஃப்ளைட் லேட் ஆனா ரெண்டாவது போயிடும், யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க, அதோட பெட்டிய எடுத்து மறுபடி போடணும். வீல்சேர் வேணும்னா புக் பண்ணும்போதே சொல்லி, 48 மணி நேரம் முன்னாடி ஒரு தடவை உறுதி பண்ணுங்க. மாறுற இடத்துல ஒன்றரை மணி நேரம்லாம் வீல்சேர்காரங்களுக்கு போதவே போதாது, மூணு மணி நேரமாவது இருக்கட்டும்.

மாசம் பாக்கும்போது வடகிழக்கு பருவமழைய மறந்துடாதீங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அதோட காலம். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை ஏர்போர்ட் நாள்கணக்குல மூடியிருந்தது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் மூடினாங்க. மழைக்கு அப்புறம் டெங்கு வேற. டிசம்பர் நடுவுல டிக்கெட் விலை எகிறும், அதனால நவம்பர் முதல் வாரத்துல போறதுதான் வசதின்னு எல்லாரும் போறாங்க, போங்க, ஆனா தாழ்வான இடத்துல தரைத்தள வீட்ட வாடகைக்கு எடுக்காதீங்க. தேதி மாத்தக்கூடிய டிக்கெட்டா எடுங்க, நாலு மாசத்துல என்ன வேணா மாறும்.

ஓசிஐ இருக்கறவங்க புது பாஸ்போர்ட் எடுத்திருந்தா, குறிப்பா 50 வயசுக்கு அப்புறம் முதல் தடவை எடுத்திருந்தா, போட்டோவும் பாஸ்போர்ட் விவரமும் ஆன்லைன்ல அப்லோட் பண்ணியாச்சான்னு பாருங்க. கனடா சிட்டிசன் ஆனவங்க திரும்பி வர்றதுக்கு கனடா பாஸ்போர்ட் வேணும், அது மார்ச் வரைக்கும் செல்லுதான்னு பாருங்க.

மருந்தும் ஊசியும்

65 வயசுக்கு மேல ஒன்டாரியோ டிரக் பெனிஃபிட்ல (அரசோட மருந்துத் திட்டம்) இருந்தா வழக்கமா 100 நாளுக்குத்தான் மருந்து தருவாங்க, 100 நாளுக்கும் 200 நாளுக்கும் இடைப்பட்டு வெளிய போறவங்களுக்கு இன்னொரு 100 நாள் மருந்தையும் முன்னாடியே வாங்க வழி இருக்கு. டாக்டர் அதுக்கேத்த மாதிரி ப்ரிஸ்கிரிப்ஷன் எழுதணும், நீங்க வெளிய போறத சொல்ற ஒரு கடிதமோ, டிராவல் இன்சூரன்ஸ் காப்பியோ பார்மசில குடுக்கணும். கிளம்பற வாரம் போய் கேக்காதீங்க, மூணு வாரம் முன்னாடியே பேசி வைங்க.

மருந்து எல்லாம் கைப்பைல, பார்மசி லேபிள் ஒட்டின டப்பாவோடயே. வாராந்திர பெட்டில பிரிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போனா கஸ்டம்ஸ்ல விளக்கம் சொல்றது கஷ்டம், தொலைஞ்சா என்ன மருந்துன்னு அங்க சொல்லவும் முடியாது. மருந்தோட ஜெனரிக் பேரையும் டோஸையும் ஒரு தாள்ல எழுதி வைங்க, பிராண்ட் பேர் அங்க வேற, ஜெனரிக் பேர் சொன்னா எந்த மெடிக்கல் ஷாப்லயும் புரியும்.

ஊருக்குத்தானே போறோம், எதுக்கு ஊசின்னு கேக்காதீங்க, இருபது வருஷம் இங்க இருந்தா அந்தத் தண்ணிக்கு உடம்பு பழக்கம் விட்டுப் போயிருக்கும். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, ஃப்ளூ பத்தி டிராவல் கிளினிக்ல ஆறு வாரம் முன்னாடி பேசுங்க.

பூட்டிட்டுப் போற வீடு

ஹெல்த் இன்சூரன்ஸ்ல காட்டற கவனத்துல பாதியாவது இதுலயும் வேணும். ஜனவரில ஃபர்னஸ் நின்னு பைப் உறைஞ்சு வெடிச்சா பேஸ்மென்ட் முழுக்க தண்ணி. பல ஹோம் பாலிசில குளிர்காலத்துல தொடர்ந்து நாலு நாளுக்கு மேல ஆள் இல்லன்னா, பைப் உறைஞ்ச சேதத்துக்கு கவர் கிடைக்கணும்னா ஒண்ணு தண்ணிய மெயின்ல அடைச்சு பைப்ப காலி பண்ணியிருக்கணும், இல்ல தினமும் ஒருத்தர் உள்ள வந்து ஹீட்டிங் ஓடுதான்னு பாக்கறதுக்கு ஏற்பாடு இருக்கணும். தினமும்னா தினமும்தான், வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாக்கறார்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க.

அதனால ரெண்டும் பண்ணிடுங்க. கிளம்பற அன்னிக்கு பேஸ்மென்ட்ல மீட்டர் பக்கத்துல இருக்கற மெயின் வால்வ அடைங்க, மேல் மாடி குழாய்ல இருந்து கீழ வரைக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டு தண்ணி நிக்கற வரைக்கும் காத்திருங்க, டாய்லெட்ட ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க, ஹாட் வாட்டர் டாங்க்க வெக்கேஷன்ல வைங்க. ஃபர்னஸ அணைக்காதீங்க, 15, 16 டிகிரில ஓடட்டும். வந்து பாக்கறவர் கிட்ட ஒரு நோட்டு குடுத்து தேதி போட்டு எழுதச் சொல்லுங்க, இல்ல வாட்ஸாப்ல தெர்மோஸ்டாட் போட்டோ அனுப்பச் சொல்லுங்க, நாளைக்கு க்ளெய்ம்னு வந்தா அதுதான் ஆதாரம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாலு மாசம் இருக்க மாட்டோம்னு முன்னாடியே சொல்லி, என்ன பண்ணணும்னு ஈமெயில்ல வாங்கிடுங்க. கார் கராஜ்ல நின்னா ரோட்டுல ஓட்டறதுக்கான கவர நிறுத்திட்டு திருட்டு, தீ கவர மட்டும் வச்சுக்கலாம், நல்ல மிச்சம். டிரைவ்வே பனி அள்ள ஆள் போடுங்க, அள்ளாத பனி வீட்ல ஆள் இல்லன்னு தெரு முழுக்க சொல்லிடும். டொராண்டோ சிட்டிக்குள்ள வீடு இருந்தா காலி வீட்டு வரிக்கான டிக்ளரேஷன் வருஷா வருஷம் போடணும், நீங்களே குடியிருந்தாலும் போடணும், நீங்க ஊர்ல இருக்கற சமயத்துலதான் அந்த வேலை வரும்.

போன், பேங்க்

கனடா நம்பர கேன்சல் பண்ணாதீங்க. பேங்க்ல லாகின் பண்ண ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், அது இல்லன்னா ஹைட்ரோ (கரண்ட்) பில் கூட கட்ட முடியாது. மிகக் குறைஞ்ச பிளானுக்கு மாத்தி வச்சுக்கோங்க, வைஃபை காலிங் வேலை செய்யுதான்னு இங்கயே சோதிச்சுப் பாத்துடுங்க. ஆஸ்பத்திரில டெபாசிட் கட்ட நல்ல லிமிட் உள்ள கிரெடிட் கார்டு ஒண்ணு தனியா வைங்க, பேங்க்ல பயணத்த பத்தி சொல்லிடுங்க. வீட்டு விஷயத்துல கையெழுத்து போட பிள்ளைங்க பேர்ல பவர் ஆஃப் அட்டர்னி இருக்கான்னும் பாருங்க.

அங்க உடம்பு முடியாம போனா

உயிர் போற அவசரம்னா 108க்கு போன், முதல்ல ஆஸ்பத்திரி. மத்தபடி எதுவா இருந்தாலும் அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே, முடியலன்னா 24 மணி நேரத்துக்குள்ள, இன்சூரன்ஸ் கம்பெனியோட எமர்ஜென்சி நம்பருக்கு கூப்பிடணும். கூப்பிடலன்னா க்ளெய்ம்ல ஒரு பங்கு வெட்டுவாங்கன்னு பல பாலிசில இருக்கு. கட்டணமில்லா நம்பர் இந்தியால இருந்து போகாம இருக்கலாம், கம்பெனியே காசு கட்டற கலெக்ட் கால் நம்பரையும் குறிச்சுக்கோங்க. அந்த நம்பரையும் பாலிசி நம்பரையும் நீங்க மட்டும் வச்சிருந்தா போதாது, நீங்க மயக்கமா இருக்கும்போது கூப்பிடப் போறது தங்கச்சியோ அண்ணன் மகனோதான், அவங்க போன்ல இருக்கட்டும், ஃப்ரிட்ஜ் மேலயும் ஒரு தாள் ஒட்டி வைங்க. கூப்பிடறப்ப கேஸ் நம்பர், பேசினவர் பேர், நேரம் எழுதிக்கோங்க.

காரைக்குடி, பட்டுக்கோட்டைன்னு சின்ன ஊர்ல தங்கறவங்க, எந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு இப்பவே முடிவு பண்ணி வைங்க, மதுரையா திருச்சியா தஞ்சாவூரான்னு அந்த நேரத்துல சொந்தக்காரங்களுக்குள்ள விவாதம் வேண்டாம். ஆஸ்பத்திரில முதல்ல டெபாசிட் கேப்பாங்க. சில சமயம் கம்பெனி நேரா ஆஸ்பத்திரிக்கு உறுதி குடுக்கும், அது வர்ற வரைக்கும் உங்க கார்டுதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்ல வாங்கிட்டு வந்துடாதீங்க, ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்ட பில், டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், பார்மசி பில், பணம் கட்டின ரசீது எல்லாம் ஒரிஜினல் வேணும், கனடா திரும்பினப்புறம் டொராண்டோல இருந்து போன்ல கேட்டு வாங்கறது பெரும்பாடு. உடம்பு தேறினதும் கம்பெனி, கனடா திரும்பி மிச்ச வைத்தியத்த அங்க பாத்துக்கோங்கன்னு சொல்லலாம், மாட்டேன்னு இருந்துட்டா அந்த வியாதிக்கு கவர் அதோட முடிஞ்சது.

பயணத்த நீட்டிக்கணும்னா பாலிசி முடியறதுக்கு முன்னாடியே கேக்கணும், முடிஞ்ச மறுநாள் கேட்டா புது பாலிசிதான், ஸ்டேபிள் கணக்கு மறுபடி முதல்ல இருந்து. சீக்கிரம் திரும்பிட்டா, க்ளெய்ம் எதுவும் இல்லன்னா, மிச்ச நாளுக்கு பணம் திரும்பக் கிடைக்கலாம், போர்டிங் பாஸ பத்திரமா வைங்க, ஓஹிப் நாள் கணக்கு கேட்டாலும் அது உதவும்.

ஓஹிப் பங்குக்கான பில்ல சிகிச்சை நடந்து 12 மாசத்துக்குள்ள அனுப்பணும், இன்சூரன்ஸ் கம்பெனியே உங்களுக்காக வாங்கிக்குமான்னு கேளுங்க, பெரும்பாலும் அவங்களே பாத்துப்பாங்க. க்ளெய்ம மறுத்துட்டாங்கன்னா உடனே விட்டுடாதீங்க, எந்த வரியின் அடிப்படைல மறுக்கறீங்கன்னு எழுத்துல கேளுங்க, கம்பெனிக்குள்ளயே மேல்முறையீடு பண்ணுங்க, அங்கயும் கடைசி பதில் 'முடியாது'ன்னு வந்தா ஆயுள், ஹெல்த் இன்சூரன்ஸ் புகார்களுக்கான ஓம்பட்ஸ்மன் சேவை கனடால இருக்கு, காசு கிடையாது, அந்தக் கடைசி பதில் கடிதத்தோட அவங்களுக்கு எழுதலாம். பார்மசி லிஸ்ட்டு, டாக்டர் ஃபைல் காப்பி, எழுதி வச்ச கேஸ் நம்பர் எல்லாத்தையும் அதோட சேத்து அனுப்புங்க.